வேட்டி கட்டிய மைனா யாருடையது?

சிங்கப்பூர் வரலாற்றிலேயே எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாமல், எவரிடமும் கையெழுத்து வாங்காமல், பத்தொன்பது வருடம் தொழில் நடத்தி வெற்றி பெற்ற ஒரே மனிதர் டன்லப் ஸ்ட்ரீட் மருதப்பன். இந்தத் தகவலைத் தந்தவர் மருதப்பன். சரிபார்த்தவரும் அவரே.

கடை வாடகைக்கும் வங்கிக்கும் போட்ட கையெழுத்துகள் இதில் சேராது. அவை கட்டாயத்தின் பேரில் போட்டவை என்பது அவருடைய வாதம். மனமுவந்து, நம்பிக்கைக் குறைவால், ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் எழுதி வாங்குவது மட்டும்தான் கணக்கு. அந்தக் கணக்கில் அவருக்குப் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பற்றி அவருக்கு அளவு கடந்த பெருமை.

அவருடையது அச்சுக்கடை. கல்யாணப் பத்திரிகை, பெயர் அட்டை, கோயில் நோட்டீஸ், தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் 'அங்பாவ்' என்ற வண்ண உறை, எல்லாம் அடிப்பார். காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி, முருகனுக்கு ஊதுபத்தி காட்டி, அதே ஊதுபத்தியைப் பக்கத்துச் சட்டத்துக்கும் காட்டுவார். சட்டத்துக்குள் இருப்பது கடையின் தொழில் பதிவுச் சான்றிதழ். அதற்குக் குங்குமப் பொட்டு உண்டு. வெள்ளிக்கிழமைகளில் மல்லிகை மாலையும் உண்டு. அந்தச் சான்றிதழ் இருக்கும்வரை கடையும் கடைக்குள் இருக்கும் சகலமும் தன்னுடையவை என்று அவர் மனதார நம்பினார்.

பக்கத்துக் கடை வைதேகியின் நம்பிக்கை வேறு. அவர் நெத்திலி சம்பால் என்ற மிளகாய்த் தொக்கு செய்து பாட்டிலில் விற்பவர். சம்பாலின் பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்திருந்தார். லேபிளில் இருக்கும் படத்தை எடுத்த போட்டோக்காரரிடம் எழுதி வாங்கியிருந்தார். "நெத்திலிக்கு பெர்த் சர்டிபிகேட் எடுத்த முதல் பொம்பள," என்று மருதப்பன் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வைதேகி ஒரு தாளோடு வந்து நின்றார்.

"அண்ணே, அந்த பேப்பர்."

"எந்த பேப்பர்?"

"ஆஹா பேப்பர்."

போன வருடம் வைதேகி தன் சம்பாலுக்கு ஒரு விளம்பர வீடியோ எடுத்தார். அந்தப் பக்கமாகப் போன மருதப்பன் வாயில் ஒரு கரண்டி சம்பாலை வைத்தார்கள். மருதப்பன் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "ஆஹா" என்றார். கேமராவில் அது அப்படியே விழுந்துவிட்டது. வீடியோ முழுவதிலும் அந்த ஒரு சொல் மட்டும்தான் உருப்படியாக இருந்தது. வைதேகி உடனே ஒரு பக்கம் டைப் செய்தார்: மருதப்பனின் முகத்தையும் குரலையும் இந்த விளம்பரத்தில் பயன்படுத்திக்கொள்ள அவர் சம்மதிக்கிறார், பதிலுக்கு வருடம் ஆறு பாட்டில். மருதப்பன் பதினாலு மாதமாகக் கையெழுத்துப் போடவில்லை. வைதேகியும் பதினாலு மாதமாக வீடியோவை வெளியிடவில்லை.

"ஆஹாவுக்கு அக்ரிமெண்டா?" என்றார் மருதப்பன். "நாளைக்கு நான் தும்மினா அதுக்கும் எழுதி வாங்குவியா?"

"தும்மல் விளம்பரத்துக்கு ஆகாதுண்ணே. ஆகும்னா வாங்குவேன்."

"நான்தான் வாயால சொல்றேன்ல? போட்டுக்க. யாரு கேக்கப் போறா?"

"போட்டுக்கன்னு எழுதிக் குடுங்க."

"நம்பிக்கை இல்லாதவங்கதான் வைதேகி எழுதி வாங்குவாங்க. நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன பேப்பரு?"

வைதேகி தாளை வழக்கம்போல அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அங்கே அது பதினாலு மாதமாகக் குடியிருந்தது. தேநீர்க் கறைகூடப் பட்டிருந்தது.

மருதப்பனின் தன்னம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காரணம் ஒரு மைனா.

இரண்டு வருடத்துக்கு முன்பு அனிதா என்ற பெண் தன் பலதுறைத் தொழிற்கல்லூரிப் புராஜெக்டை பைண்ட் செய்ய அவர் கடைக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு மைனா வரைந்திருந்தாள். காப்பிக்கடையில் மேசைக்கு மேசை நடந்து, நம் தட்டை நாம் பார்க்காத நேரம் பார்க்குமே, அதே சிங்கப்பூர் மைனா. அது வேட்டி கட்டி, இறக்கைக்கு அடியில் பலகாரப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எரிச்சலோடு நின்றது. மருதப்பன் மூன்று நிமிடம் சிரித்தார்.

"இதைக் கலர்ல வரைஞ்சு குடும்மா. தீபாவளி அங்பாவ் அடிக்கலாம். உன் புராஜெக்டை ஃப்ரீயா பைண்ட் பண்ணித் தரேன். பிரியாணியும் வாங்கித் தரேன்."

அனிதா ஒரு வாரம் உட்கார்ந்து பதினோரு மைனா வரைந்தாள். பதினோராவதை மருதப்பன் ஏற்றுக்கொண்டார். "வேட்டி பார்டர் பச்சையா இருக்கட்டும்," என்று ஒரு திருத்தம் சொன்னார். பிறகு உறையின் பின்பக்கத்தில், "கருத்தும் வடிவமைப்பும்: மருதப்பன்" என்று அடித்தார். அந்தப் பச்சை பார்டர் வந்த பிறகு மைனா தன்னுடையதாகிவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை.

மைனா பறந்தது. பிடோக்கில் ஒரு வீட்டில் பிள்ளைகள் உள்ளே இருந்த வெள்ளி நோட்டை விட்டுவிட்டு உறைக்காகச் சண்டை போட்டார்களாம். அடுத்த வருடம் இன்னும் அதிகம் விற்றது. இந்த வருடம் மருதப்பன் துணிந்து எட்டாயிரம் உறை அடித்துவிட்டார். பின்னறையில் கால் வைக்க இடமில்லை. மூலைக்கு மூலை மைனா, எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடி.

வைதேகி தாளைச் செருகிவிட்டுப் போன அதே வாரம் பக்கத்துக் கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தை தொடங்கியது. மருதப்பன் ஒரு நடை போய்ப் பார்த்தார். தோரணக் கடைக்கும் மருதாணிக் கடைக்கும் நடுவில் ஒரு புதிய கடை. அதில் வரிசையாகத் தொங்கியது மைனா. அதே வேட்டி, அதே பலகாரப் பெட்டி, அதே எரிச்சல். பார்டர் மட்டும் சிவப்பு.

மருதப்பன் அங்கே நிற்கவில்லை. திரும்பித் தன் கடைக்கு வந்தார். நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த தொழில் பதிவுச் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினார். மாலையைக்கூட எடுக்கவில்லை. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். மாலை போட்ட சட்டத்தைச் சுமந்து வரும் மனிதரைப் பார்த்து ஜனம் வழிவிட்டது. ஒரு பெரியவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, "எப்ப நடந்துச்சு?" என்று துக்கம் விசாரித்தார். சுற்றுலாப் பயணிகள் இருவர் வீடியோ எடுத்தார்கள்.

புதுக் கடைக்காரன் பெயர் ரித்திக். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும்.

"இது யாரு மைனா?" என்றார் மருதப்பன்.

"அங்கிளுக்கு எத்தனை பேக்கெட் வேணும்? ரெண்டு வாங்கினா ஒன்னு ஃப்ரீ."

"இது என் மைனாடா!"

"ரிலாக்ஸ் லா அங்கிள். என்ன ப்ரூஃப்?"

மருதப்பன் சான்றிதழைத் தலைக்கு மேல் தூக்கினார். ரித்திக் எம்பி நின்று அதை மரியாதையாக, கடைசி வரி வரை படித்தான்.

"இதுல உங்க கடை பேரு இருக்கு, அட்ரஸ் இருக்கு. மைனா எங்க இருக்கு அங்கிள்?"

"கடை என்னுது. அப்ப கடையில இருக்கிறது எல்லாம் என்னுதுதான்."

"அப்ப கடைக்குள்ள கஸ்டமர் வந்தா?"

மருதாணிக் கடையில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த நாலு பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தியின் கோலம் கோணிவிட்டது.

"அங்கிள், சண்டை வேண்டாம். பேக்கெட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

"திருட்டுச் சாமானை நான் திருப்பிப் பாக்கறதில்ல," என்றார் மருதப்பன். உறைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். "இது ஆதாரம்."

"ஆதாரம் மூணு வெள்ளி அங்கிள்."

மருதப்பன் மூன்று வெள்ளியை எறிந்துவிட்டு நடந்தார். இரண்டு வாங்காததால் இலவசம் கிடைக்கவில்லை.

கடைக்குத் திரும்பியவர், "கோர்ட்டுல நிறுத்துறேன் பாரு," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரில் சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. வைதேகி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கோர்ட்டுக்கு முன்னாடி வக்கீல்னு ஒன்னு இருக்கு. சமூக மன்றத்துல ஃப்ரீயா பாக்கலாம். அப்பாயிண்ட்மெண்ட் போட்டுத் தரவா?"

"எனக்கு எதுக்கு வக்கீல்? நியாயம் என் பக்கம்."

"அதை அவங்ககிட்டயே சொல்லுங்க. அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்."

சனிக்கிழமை பிற்பகல், சமூக மன்றத்தின் சிறிய அறையில், தொண்டூழிய வழக்கறிஞர் ஹம்னா முன்னால் மருதப்பன் மூன்று பொருள்களை வைத்தார்: தன் உறை, ரித்திக்கின் உறை, குங்குமம் வைத்த சான்றிதழ். ஹம்னா மூன்றாவதைத்தான் முதலில் கவனித்தார்.

"இது என்ன அங்கிள்?"

"சொத்துப் பத்திரம்."

"இல்ல அங்கிள். இந்தப் பேருல ஒரு தொழில் பதிவாயிருக்குன்னு காட்டுற பேப்பர் இது. அந்தப் பேரே உங்க சொத்துன்னுகூட இது சொல்லாது. பேரைக் காப்பாத்தணும்னா டிரேட்மார்க் தனியாப் பதியணும். நிறைய பேரு இது ரெண்டும் ஒன்னுன்னு நெனைச்சுக்கறாங்க."

மருதப்பனுக்கு வைதேகியின் நெத்திலி நினைவுக்கு வந்தது. உடனே அதை விரட்டினார்.

"சரி, மைனாவை யாரு வரைஞ்சது?"

"ஐடியா என்னுது."

"மைனாவுக்கு வேட்டி கட்டலாம்ங்கற ஐடியாவா?"

"இல்ல. அது அந்தப் பொண்ணு அனிதா ஏற்கனவே கட்டி வச்சிருந்தா. பச்சை பார்டர் என்னுது."

"ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது அங்கிள். வரைஞ்ச படத்துக்குதான் உண்டு."

"அப்ப படத்தை எங்கயாவது பதிஞ்சிருக்கணுமோ?"

"வேண்டியதில்ல. சிங்கப்பூர்ல காப்பிரைட்டுக்குப் பதிவே கிடையாது. படம் வரைஞ்ச உடனே அந்த உரிமை தானா வந்துடும்."

மருதப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "பாத்தீங்களா! பேப்பரே வேண்டாம்னு பத்தொன்பது வருஷமா சொல்றேன்!" என்றார்.

"வரைஞ்சவங்களுக்கு வந்துடும் அங்கிள்," என்றார் ஹம்னா.

மருதப்பன் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு உங்க கடையில சம்பளத்துக்கு வேலை பாத்தாங்களா?"

"இல்ல."

"உரிமையை உங்களுக்குத் தர்றதா ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"பிரியாணி வாங்கிக் குடுத்தேன்."

ஹம்னா தன் குறிப்பேட்டில் 'பிரியாணி' என்று எழுதினார். பிறகு யோசித்து, அதை அடித்தார்.

"உரிமை உங்களுக்கு மாறணும்னா அவங்க கையெழுத்துப் போட்ட எழுத்து வேணும். வாய்ப்பேச்சு போதாது. அதனால இன்னிக்கும் மைனா அனிதாவோடதுதான்." சொல்லிக்கொண்டே இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பினார்.

மருதப்பனின் உறையில், "கருத்தும் வடிவமைப்பும்: மருதப்பன்."

ரித்திக்கின் உறையில், சின்ன எழுத்தில், "ஓவியம்: அனிதா. அனுமதி பெற்று அச்சிடப்பட்டது."

மருதப்பன் இரண்டாவது உறையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் மறுபடியும் படித்தார்.

"அந்தத் தம்பிகிட்ட அவங்க எழுதிக் குடுத்த பேப்பர் இருக்கும்னு நெனைக்கிறேன்," என்றார் ஹம்னா மெதுவாக. "வரைஞ்சவங்க பேரைப் போடறதும் இப்ப சட்டம் அங்கிள். அவங்க பேரு இருக்க வேண்டிய இடத்துல உங்க பேரு இருக்கு."

"அப்ப என் எட்டாயிரம் உறை?"

"விக்கறதுக்கு முன்னாடி அவங்களைப் போய்ப் பாருங்க. அவங்களே உங்களுக்காக வரைஞ்சாங்க, அச்சடிக்க அனுமதி இருந்துச்சுன்னு வாதாட இடம் இருக்கு. பேரு விஷயத்துல வாதாட ஒன்னுமில்ல."

திருடனைப் பிடிக்க வந்தவர், திருடன் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். மாலை வாடிய சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வீடு போனார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் அனிதா குடியிருக்கும் பொங்கோலுக்குப் போனார். அனிதா இப்போது சாங்கி விமான நிலையத்தில் கடைகளின் கண்ணாடி அலங்காரம் வடிவமைக்கும் வேலையில் இருந்தாள். தொலைபேசியில் விசாரித்தபோது, "புளோக்குக்குக் கீழ வாங்க அங்கிள்," என்று மட்டும் சொன்னாள். அந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்றில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மருதப்பன் கொண்டு வந்த ஒரு கிலோ பாதாம் அல்வா.

வழியெல்லாம் தயாரித்த உரையை மருதப்பன் தொடங்கினார். "நீ என் பொண்ணு மாதிரி..."

"மாதிரியெல்லாம் வேண்டாம் அங்கிள். அனிதான்னே கூப்பிடுங்க."

உரையில் அடுத்த நாலு வரி அந்த முதல் வரியை நம்பித்தான் இருந்தது. மருதப்பன் அல்வாவை அவள் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, உனக்கு வருத்தம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அனிதா கைப்பேசியை எடுத்து, இரண்டு வருடத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், அவரிடம் நீட்டினாள். 'அங்கிள், அங்பாவ் பின்னாடி என் பேரு போடுவீங்கதானே?' என்று அவள் அனுப்பியிருந்தாள். அடியில் மருதப்பனின் பதில் இருந்தது. தூக்கிய கட்டை விரல்.

மருதப்பன் அந்த விரலை நீண்ட நேரம் பார்த்தார். யார் என்ன அனுப்பினாலும் படிக்காமலே அவர் அனுப்பும் விரல் அது. பத்தொன்பது வருடத்தில் அவர் எழுத்தில் கொடுத்த ஒரே சம்மதம். அதையும் அவர் காப்பாற்றவில்லை.

"முதல் தீபாவளிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அங்கிள். வீட்டுக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும், இது நான் வரைஞ்சதுன்னு காட்டினேன். எல்லாரும் திருப்பிப் பாத்தாங்க. மருதப்பன்னு இருக்கேன்னாங்க. சரி, சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வேலைக்கு இண்டர்வியூ. என் ஃபைல்ல இருந்ததுலயே நல்ல படம் அதுதான். அங்க ஒரு மேடம்கிட்ட இந்த உறை இருந்துச்சு. அவங்களும் திருப்பிப் பாத்தாங்க." அனிதா நிறுத்தினாள். "காப்பியடிச்சியான்னு கேட்டாங்க அங்கிள். நான் வரைஞ்ச மைனாவை, நான் காப்பியடிச்சேனான்னு."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன். என்ன ப்ரூஃப்னு கேட்டாங்க."

ரித்திக் கேட்ட அதே கேள்வி. அன்று மருதப்பனுக்குக் காட்ட மாலை போட்ட ஒரு சட்டமாவது இருந்தது. இவளிடம் அதுவும் இல்லை.

"அந்த வேலை கிடைக்கல. அதுக்கப்புறம் ஏழு மாசம் சும்மா இருந்தேன்."

அங்கே ஒரு நிஜ மைனா வந்து, அல்வாப் பெட்டியை ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"தப்புதாம்மா," என்றார் மருதப்பன். அந்த வார்த்தையை அதிகம் பயன்படுத்தாததால் அது கரகரத்து வந்தது. "உன் பேரை எட்டாயிரத்துலயும் போடறேன். ஆனா அந்த ரித்திக்கை மட்டும் நிறுத்தச் சொல்லு."

"மாட்டேன் அங்கிள். அவன் கேட்டு வாங்கினான், எழுதி வாங்கினான், பேரைப் போட்டான். நீங்க மூணுல ஒன்னுகூடச் செய்யல. உங்களுக்குச் சட்டம் தெரியாததனால இல்ல. நம்ம பிள்ளைதானே, என்ன கேட்டுடப் போகுதுன்னு நெனைச்சதனால. வெளியாள்னா நீங்க கேட்டிருப்பீங்க."

அனிதா பையிலிருந்து ஒரு பக்கத் தாளை எடுத்து வைத்தாள். மைனா அவளுடையது. அச்சிட்டு விற்க மருதப்பனுக்கு அனுமதி உண்டு, ரித்திக்குக்கும் உண்டு. ஒவ்வொரு உறையிலும் அவள் பெயர் இருக்க வேண்டும். அனுமதிக்குக் கட்டணமாக ஒரு தொகையும் எழுதியிருந்தாள். அது பிரியாணியின் விலையைவிட அதிகம், மைனாவின் மதிப்பைவிடக் குறைவு.

மருதப்பன் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு, "பேனா இருக்கா?" என்றார்.

பத்தொன்பது வருடச் சாதனை ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, பொங்கோலில், ஒரு கல் மேசை மேல் முடிவுக்கு வந்தது. சாட்சி, மைனா. அல்வாவில் ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு அது பறந்தது.

அடுத்த ஐந்து நாள் பகல் முழுக்க மருதப்பன் பின்னறையில் ஸ்டிக்கர் ஒட்டினார். "ஓவியம்: அனிதா" என்று அச்சடித்த எட்டாயிரம் ஸ்டிக்கர்கள், எட்டாயிரம் மருதப்பன்கள் மேல் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. தன் பெயரைத் தானே எட்டாயிரம் தடவை மூடுவது மனிதனுக்கு நல்லது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. ஆனால் மூவாயிரத்தைத் தாண்டியபோது அவருக்கு முதுகு வலித்தது, மனம் வலிக்கவில்லை. வியாபாரம் ஓய்ந்த மதியங்களில் வைதேகியும் வந்து ஒட்டினார்.

"எழுதி வாங்காம உதவி பண்றேண்ணே. பாத்துக்குங்க."

"பேசாம ஒட்டு. அது கோணலா இருக்கு."

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு ரித்திக்கிடம் சரக்கு தீர்ந்தது. "டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போங்க லா, அங்கயும் அனிதா மைனா இருக்கு," என்று அவன் அனுப்பிய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்று வெள்ளிக்கு வாங்கிய ஆதாரத்தை மருதப்பன் ஒரு வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்தார். பின்னறையில் தரை தெரிந்தது.

அந்த வாரம் ஒரு மாப்பிள்ளை கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். கைப்பேசியில் ஒரு அழகான யானை ஓவியம் வைத்திருந்தார். "நெட்டுல எடுத்தேண்ணே. இதையே போட்டுருங்க."

"வரைஞ்சது யாரு?" என்றார் மருதப்பன்.

"தெரியலண்ணே. நெட்டுலதானே இருக்கு, யாரு கேக்கப் போறா?"

மருதப்பன் எழுந்து நின்றார். அச்சு இயந்திரத்தை நிறுத்தினார். சிங்கப்பூருக்கே அறிவிப்பதுபோலத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, ஒருத்தர் உழைச்சு உருவாக்கினதை எடுக்கணும்னா கேட்டு எடுக்கணும். கேட்டதை எழுதி வச்சுக்கணும். எழுதினதோட அவங்க பேரையும் போடணும். எழுதி வாங்கறது நம்பிக்கை இல்லாததனால இல்ல, நாளைக்கு நம்பிக்கை கெடாம இருக்கறதுக்கு. முக்கியமா நம்ம ஆளுங்ககிட்டதான் எழுதி வாங்கணும். அவங்கதான் வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க."

மாப்பிள்ளை பிரமித்து நின்றார். சம்பால் பெட்டியோடு வாசலில் நின்ற வைதேகியும் கேட்டார்.

"பிரமாதம்ணே. யாரு சொன்னது?"

மருதப்பன் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பெயர் வழக்கம்போல முந்திக்கொண்டு வந்தது. அதைப் பிடித்து நிறுத்தினார்.

"முக்கால்வாசி அனிதா சொன்னது," என்றார். "கடைசி வரி என்னுது."

தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை காலை, வைதேகி கடையைத் திறந்தபோது கதவுக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. தேநீர்க் கறை பட்ட பழைய தாள். பக்கத்துக் கடை ஷட்டர் ஏற்கனவே தூக்கியிருந்தது. உள்ளே மருதப்பன் தெருப்பக்கம் முதுகைக் காட்டி, முருகனுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

வைதேகி தாளைப் பிரித்தார். ஆஹா பேப்பர்தான். அடியில் நீல மையில் மருதப்பனின் கையெழுத்து, தேதியோடு. கையெழுத்துக்குக் கீழே, சின்னதாக, ஒரு வரி சேர்த்திருந்தார்:

"குரல்: மருதப்பன் என்று பெயர் போடவும்."